ரெயின் ஜாக்கெட்டும் பதினாலு தாய்மாமன்களும்

ரெயின் ஜாக்கெட் தைக்கறவங்க ஒருத்தர்கூட நவம்பர் மாசம் நம்ம சென்னை ஈசிஆர்ல சைக்கிள் மிதிச்சிருக்க மாட்டாங்க. எழுதி வேணா தரேன்.

ஆறாயிரம் ரூபா அது. (வீட்டுக்காரர்கிட்ட மூவாயிரம்னு சொல்லிருக்கேன். நான் எழுதறதை அவர் படிக்க மாட்டார்ங்கற தைரியம்.) துணிக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்காம். வெளி மழையை உள்ள விடாதாம். உள்ள ஊர்ற வேர்வையை ஆவியா வெளிய அனுப்பிடுமாம்.

பொய்யில்ல. ஆனா அந்த ஆவி வெளிய போகணும்னா வெளிய கொஞ்சமாவது காய்ஞ்ச காத்து இருக்கணுமே? குளிர் ஊர்ல இருக்கும். இங்க மழை நாள்லயும் இருபத்தஞ்சு டிகிரி. காத்துல இதுக்கு மேல ஈரம் தாங்காதுங்கற நிலைமை. வேர்வை எங்க போகும்? போகல. முட்டுக்காடு போறதுக்குள்ள உள்பக்கமாவே தொப்பலா நனைஞ்சாச்சு. வெளிய ஒரு மழை, ஜாக்கெட்டுக்குள்ள தனியா ஒரு மழை.

பாலத்துக்கு முன்னாடி ஓரமா நிறுத்தி, கழட்டி, சுருட்டி, பையில சொருகிட்டு வெறும் டீ-ஷர்ட்டோட கிளம்பினேன்.

அப்பாடா!

சரி, எங்க போனேன், எதுக்குப் போனேன்னு சொல்லணும்ல.

ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கூட்டத்தோட மாமல்லபுரம் வரைக்கும் போய், பொங்கல் வடை தின்னுட்டு, எரிச்ச கலோரியை அங்கயே திருப்பி ஏத்திக்கிட்டு வர்ற கோஷ்டியில நானும் ஒருத்தி. ஆனா தனியா, ராத்திரி தங்கற மாதிரி, மூட்டை முடிச்சை சைக்கிள்லயே கட்டிக்கிட்டு போனதில்ல. பைக்பேக்கிங்னு பேரு. கேரியர் கிடையாது. ஹேண்டில்பார்ல ஒரு சுருட்டு, ஃப்ரேம் நடுவுல ஒரு முக்கோணப் பை, சீட்டுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு ஒண்ணு. எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணா சைக்கிளை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு ரொம்ப கவலையா கேட்டார். "ஏம்மா, பெட்ரோல் விலைக்காகவா?"

லீவு போட்டாச்சு. ஆபீஸ்ல லீவு வாங்கறது எவ்வளவு பெரிய தவம்னு உங்களுக்கே தெரியும். அந்த வாரம் பாத்துதான் தென்மேற்கு வங்கக்கடல்ல காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி.

இதுக்கு நான் வச்சிருக்கற கணக்கைச் சொல்லிடறேன். நியூஸ்ல "தாழ்வுப் பகுதி"ன்னு சொன்னா அது குழந்தை. காத்து மணிக்கு 31 கிலோமீட்டரைத் தாண்டினா "தாழ்வு மண்டலம்" ஆகும். அப்புறம் ஆழ்ந்த மண்டலம். 62-ஐத் தாண்டினா புயல், அப்பதான் பேர் வைப்பாங்க. பகுதின்னா போகலாம். மண்டலம்னா வீட்டுல உக்காந்து பஜ்ஜி போடணும். துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா சைக்கிள் பக்கமே திரும்பக் கூடாது. இதுல வீரம் காட்ட ஒண்ணுமே இல்ல.

நான் போனது பகுதியில. நிமிஷத்துக்கு ஒருதரம் வானிலைப் பக்கங்களைப் பாத்துட்டுத்தான் போனேன்.

காலைல ஒம்பது மணிக்குக் கிளம்பினேன். சைக்கிள் கோஷ்டியில இதைச் சொன்னா சிரிப்பாங்க. அங்க நாலரை மணிக்கே ரோட்டுல இருக்கணும், ஆறு மணிக்கு எழுந்தாலே சோம்பேறி. வெயில் காலத்துக்கு அது சரி. வடகிழக்குப் பருவமழைக்கு அந்த டைம் டேபிள் ஆகவே ஆகாது.

ஏன்னா, ராத்திரியானா தரை சூடு ஆறிடுது, கடல் ஆறாது. தரைப்பக்கம் இருந்து கடலுக்குப் போற குளிர்ந்த காத்தும், கடல்லேர்ந்து வர்ற வடகிழக்குக் காத்தும் கரையோரத்துல முட்டிக்குது. அந்த இடத்துல மேகம் கட்டுது. அதனாலதான் நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகை மழை நடுராத்திரி பிடிச்சு விடியற வரைக்கும் கொட்டும். ஏழு மணிக்கு கலெக்டர் ஸ்கூலுக்கு லீவு விடுவார். பத்து மணிக்கு சுள்ளுனு வெயில் அடிக்கும். பசங்க தெருவுல கிரிக்கெட் ஆடும். வருஷா வருஷம் பாக்கறோமே! அப்ப நாலரை மணிக்குக் கிளம்பறவங்க மழையைத் தேடிப் போய் நனையறாங்கன்னுதானே அர்த்தம்?

(எப்பவும் அப்படியே நடக்கும்னு இல்ல. அன்னிக்கும் பகல்ல விட்டு விட்டு பெஞ்சுது. ஆனா விடியக்காலைல எங்க தெருவுல முழங்காலுக்குத் தண்ணி நின்னப்ப நான் போர்வைக்குள்ள இருந்தேன். அது போதும்.)

போகும்போது காத்து முதுகுல. வாடைக்காத்து. சும்மா பெடல்ல காலை வச்சா போதும், சைக்கிள் தானா ஓடுது. கோவளம், வடநெம்மேலி, பட்டிபுலம் எல்லாம் பறந்து போச்சு. மீட்டரைப் பாத்தா 27-ங்குது. நான் சாதாரணமா 18 போனாலே பக்கத்து வீட்டுல சொல்லிக்கற ஆளு. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, சத்தியமா, நம்மகிட்ட ஏதோ திறமை ஒளிஞ்சு கிடந்திருக்குன்னு நம்பிட்டேன். எல்லாம் வாடை போட்ட பிச்சை.

போன் கதையைக் கேளுங்க. வழி பாக்க ஹேண்டில்பார்ல மாட்டியிருந்தேன். தண்ணி உள்ள போகாதுதான், வாட்டர்ப்ரூஃப்தான். ஆனா மழைத்துளி ஒவ்வொண்ணும் கண்ணாடி மேல ஒரு விரல். மேப்பை மூடுது, கால்குலேட்டரைத் திறக்குது, யாரோ போட்ட ஸ்டேட்டஸுக்கு இதயம் விடுது. கடைசியில என் மேனேஜருக்கு கால் போயிடுச்சு. உடம்பு சரியில்லைன்னுதான் லீவு போட்டிருந்தேன். அந்தப் பக்கம் "ஹலோ? ஹலோ?" இந்தப் பக்கம் மழைச் சத்தமும் பஸ் ஹாரனும்.

அதோட போனைப் பைக்குள்ள போட்டாச்சு. மாமல்லபுரத்துல ஒரு மருந்துக் கடையில அந்த வெள்ளைத் துணி பிளாஸ்டர் வாங்கி, ஹேண்டில் தண்டுமேல ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால ஊர்ப்பேரை வரிசையா எழுதினேன். கல்பாக்கம், வாயலூர், கூவத்தூர், முதலியார்குப்பம், கடப்பாக்கம். மழையில அழியல, சார்ஜ் போகல, யாருக்கும் போன் பண்ணல.

அங்க டீக்கடையில நின்னப்பதான் நடுங்க ஆரம்பிச்சுது. மிதிக்கற வரைக்கும் உடம்பு கொதிக்குது, ஈரம் தெரியல. நின்னா ரெண்டே நிமிஷத்துல காத்து ஈரத்துணி வழியா சூட்டை உறிஞ்சிடுது. கையில டீ கிளாஸ் ஆடுது. அப்பதான் பையைத் திறந்து ஆறாயிரம் ரூபாயை எடுத்துப் போட்டேன். பாருங்க, அப்ப அது வேலை செஞ்சுது! ஓட்டும்போது கழட்டணும், நிக்கும்போது போடணும். விக்கறவங்க இதை உல்டாவா சொல்லிக் குடுக்கறாங்க.

மாமல்லபுரத்துக்குத் தெக்க நாலு வழிச்சாலை வேலை. அங்கங்க கிராவல் கொட்டி, மழையில அது செஞ்சாந்து ஆகியிருந்தது. என் சைக்கிள்ல மட்கார்டு கிடையாது (இந்த மாதிரி சைக்கிளுக்கு மட்கார்டு போட்டா அழகு கெட்டுடும்னு கடைக்காரத் தம்பி சொன்னான், இப்ப என் முதுகோட அழகை அவன் வந்து பாக்கணும்). கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரு செங்குத்துக் கோடு. டிஸ்க் பிரேக்ல மணல் ஏறி, பிடிச்சா ஊரே திரும்பிப் பாக்கற சத்தம். நடுரோட்டுல அசை போட்டுக்கிட்டுப் படுத்திருந்த மாடுகள் லாரி ஹாரனுக்கு அசையல, என் பிரேக்குக்கு எழுந்துச்சு. அதுல எனக்கு ஒரு பெருமை.

டயர்ல எப்பவும் அடிக்கறதைவிட கொஞ்சம் காத்தைக் குறைச்சிருந்தேன், ஈர ரோட்டுல பிடிமானம் கிடைக்கும். அது நிஜமாவே தெரிஞ்சுது. ஆனா ரோட்டுல போட்டிருக்கற வெள்ளைக் கோடு இருக்கே, மழையில அது மேல ஏறினா எந்த டயரும் செல்லாது. கோட்டுக்கு இந்தப் பக்கம், இல்ல அந்தப் பக்கம்.

வாயலூர் பாலாத்துப் பாலம்தான் அன்னிக்கு என்னை அடக்கினது. வீடு, மரம், சவுக்குன்னு இதுவரைக்கும் மறைச்சுக்கிட்டிருந்த காத்து அங்க திறந்தவெளியில இடது பக்கமா, கடல் பக்கமா வந்து அறையுது. ஃப்ரேம் நடுவுல முக்கோணப் பை இருக்குன்னேன்ல? சக்கரத்துக்கு நடுவுல பாய்மரம் கட்டினது போலத்தான். ஒவ்வொரு தள்ளுக்கும் ரோட்டுக்கு உள்ளாற ஒரு அடி போறேன். வலது பக்கம் பாண்டிச்சேரி பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டு வருது.

இறங்கிட்டேன். பாலம் முழுக்க தள்ளிக்கிட்டே நடந்தேன். எதிர்ல வந்த டூவீலர்காரர் ஒருத்தர் "பஞ்சரா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

முதலியார்குப்பத்துல தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட படகு குழாம் ஒண்ணு இருக்கு. பேரு "மழைத்துளி". மழையால அன்னிக்குப் படகு ஓடல.

தங்கறதுக்கு இடம் கடப்பாக்கம் பக்கத்துல பேசி வச்சிருந்தேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பொண்ணோட சித்தப்பாவுக்கு அங்க கடலோரம் ஒரு சவுக்குத் தோப்பு. ஆலம்பரைக் கோட்டைக்கு ரொம்ப தூரமில்ல. (அந்தக் கோட்டையைப் பாக்காதவங்க கட்டாயம் பாருங்க. முகலாயர் காலத்துல கட்டினது, 1750-ல பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போய், 1760-ல ஆங்கிலேயர் இடிச்சது. இன்னிக்கு நிக்கற மிச்சச் செங்கல்ல ஏறி நின்னா உப்பங்கழி மொத்தமும் தெரியும். நான் அன்னிக்குப் பாக்கல. மழையில கோட்டையே எனக்குத் தெரியல.)

தோப்புல டென்ட் போடறதுன்னு திட்டம். இங்கதான் தாய்மாமன்கள் வர்றாங்க.

டென்ட்டுக்கு அடியில விரிக்க ஒரு ஷீட் வேணும். கடையில ரெண்டாயிரம் சொன்னான். எங்க தெருமுனை பேனர் கடைக்காரர்கிட்ட கேட்டேன், கிழிஞ்ச ஃப்ளெக்ஸ் ஒண்ணு சும்மாவே குடுத்தார். காதணி விழா பேனர். நடுவுல ரெண்டு வாண்டுகள், சுத்தி முட்டை முட்டையா வட்டம் போட்டு பதினாலு தாய்மாமன்கள். பாதிப் பேர் கூலிங்கிளாஸ்ல. ஒருத்தர் போன் பேசறார். ஃப்ளெக்ஸ்னா என்னங்க, பிளாஸ்டிக் பூசின துணி. தண்ணி இறங்கவே இறங்காது. இதைவிட நல்ல சாமான் எந்த ஊர்லயும் கிடைக்காது.

டென்ட்டுக்குக் குடுத்த முளைக்குச்சி கடற்கரை மணல்ல நிக்கவே இல்ல. அடிச்சா இறங்குது, இழுத்தா வெண்ணெயில இருந்து வர்ற லட்சணத்துல வெளிய வருது. அதுக்கு ஒரு வழி உண்டு. மளிகைப் பையில மணலை ரொப்பி, வாயைக் கட்டி, கயித்தை அதுல முடிஞ்சு, முழங்கை ஆழத்துல குழி தோண்டிப் புதைச்சுடணும். மேல மணலை மூடி மிதிச்சுட்டா யானை இழுத்தாலும் வராது. அப்படியே பண்ணினேன். நின்னுச்சு. ஜம்முனு நின்னுச்சு. போட்டோகூட எடுத்தேன்.

அப்புறம் மழை பிடிச்சுது.

ஃப்ளெக்ஸ் டென்ட்டைவிட பெருசு. நாலு பக்கமும் ஒரு முழம் வெளிய நீட்டிக்கிட்டிருந்தது, செருப்பு வைக்க வசதியா இருக்கட்டும்னு விட்டிருந்தேன். கூடாரத்து மேல விழற தண்ணி பூரா வழிஞ்சு அந்த நீட்டுல விழுது. அது தண்ணியைக் கீழ விடாதே! அதான் அதோட பெருமையே! நேரா என் அடியில கொண்டாந்து சேக்குது. கொஞ்ச நேரத்துல டென்ட் தரையை அமுக்கினா தளக் புளக்குங்குது. டார்ச் அடிச்சு ஓரமாப் பாத்தா ரெண்டு விரக்கடை தண்ணிக்குள்ளேர்ந்து கூலிங்கிளாஸ் மாமா சிரிக்கறார். விரிப்பு எப்பவும் டென்ட்டைவிட நாலு விரல் சின்னதா, உள்ள மடிச்சுத்தான் இருக்கணும். இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

மடிச்சு விட்டேன். தண்ணி நின்னுச்சு. சரின்னு படுக்கப் போற நேரத்துல தோப்புக் காவல்காரத் தாத்தா குடையோட வந்தார்.

"எம்மா, இங்க ராத்திரிக்கு ஓடைத் தண்ணி ஏறும்."

"எவ்ளோ ஏறும் தாத்தா?"

"அது மழையைப் பொறுத்து." கொஞ்சம் யோசிச்சுட்டு, "பாம்பும் மேட்டைப் பாத்துதான் வரும். இதான் மேடு" அப்படின்னார்.

அஞ்சு நிமிஷத்துல டென்ட்டைச் சுருட்டிட்டேன். உலக சாதனையா இருக்கும்.

தாத்தா சொன்ன வழியில குப்பத்துக்குள்ள போய் ஒரு இட்லிக் கடை அக்காவைப் பிடிச்சேன். அவங்க என்னை, சைக்கிளை, மறுபடி என்னைன்னு பாத்தாங்க.

"மெட்ராஸ்லேர்ந்தா? இதுலயா? எம்மாந் தூரம்! ஊட்ல சண்டையா கண்ணு?"

சண்டை இல்லக்கா, சும்மா ஆசைக்குன்னேன். நம்பல. சண்டைன்னு நினைச்சுக்கிட்டா இன்னும் நல்லா கவனிப்பாங்கன்னு தோணுச்சு, நானும் ரொம்ப மறுக்கல.

கிராமத்து மனசு, அன்பு, இலவசம்னு ஒரு கதையை எதிர்பார்க்காதீங்க. வலை வைக்கற ரூமுக்கு முந்நூறு ரூபா. சுடுதண்ணிக்கு இருபது தனி. முன்பணம். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. காசு குடுத்துட்டா நாம விருந்தாளி இல்ல, வாடகைக்கு இருக்கறவங்க. கூச்சமில்லாம "அக்கா, இன்னொரு போர்வை"ன்னு கேக்கலாம்.

ஆனா பாத்ரூம்! கொல்லையில தகரக் கதவு. தாழ்ப்பாள் கிடையாது. அதுக்குப் பதிலா கதவுல ஒரு நைலான் கயிறு. குளிக்கறவங்க அதை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கணும். ஒரு கையில கயிறு, ஒரு கையில மக். சோப்பு எந்தக் கையில? வாடை அடிக்கும்போது கயிறு இழுக்குது, கதவு திறக்கப் பாக்குது. கடைசியில கயித்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டேன். அந்த முதுகுச் சேறு பாதி போச்சு, பாதி அடையாறு வீடு வரைக்கும் கூட வந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன்.

வெளிநாட்டு வீடியோக்கள்ல ராத்திரி உடுத்திக்க மெரினோ கம்பளி எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. நான் எடுத்துட்டுப் போனது ஒரு பருத்தி நைட்டி. பழசு, பூப்போட்டது, கழுத்துக்கிட்ட சாயம் போனது. கூட ஒரு செட் உள்ளாடை, ஒரு துண்டு. பாரிமுனையில கிலோ கணக்குல விக்கற கெட்டி பாலித்தீன் பையில போட்டு, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட், அதைத் தூக்கி இன்னொரு பையில போட்டு, அதுக்கும் ரப்பர் பேண்ட். நாலாயிரம் ரூபா சீட்டுப் பையோட ஜிப் வழியா தண்ணி போய், உள்ள இருந்த எல்லாமே ஊறிப் போச்சு. கடலை மிட்டாய் பாகா ஆயிடுச்சு. நைட்டி மட்டும் இஸ்திரி போட்ட கணக்கா மொறமொறன்னு வந்துச்சு.

காய்ஞ்ச துணி உடம்புல படற அந்த நிமிஷத்துக்காக மறுபடியும் நூறு கிலோமீட்டர் நனையலாம். மத்தது எல்லாம் நனையட்டும். ராத்திரிக்கு ஒரு செட் காய்ஞ்சிருந்தா போதும்னு முடிவு பண்ணிட்டா, பகல் பூரா மழையோட மல்லுக்கட்ட வேண்டியதே இல்ல.

(அந்தரங்கமா இன்னொண்ணு: ஈரத் துணியோட மணிக்கணக்கா சீட்டுல உக்காந்தா உரசி எரியும். எங்கன்னு விளக்க மாட்டேன். தேங்காயெண்ணெய். கிளம்பறதுக்கு முன்னாடி, தாராளமா.)

அம்மா போன். புதுக்கோட்டைலேர்ந்து.

"ஏன்த்தா, எங்கத்தா இருக்க? சத்தம் வேற மாதிரி கேக்குது?" ஆஸ்பெஸ்டாஸ் கூரையில மழை கொட்டற சத்தம். சொல்லிட்டேன்.

இத்தனைக்கும் அம்மா சாதாரண ஆளு இல்ல. தொண்ணூறுகள் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் வந்தப்ப, எழுத்தோட சேத்து சைக்கிளும் கத்துக்கிட்ட பல்லாயிரம் பொம்பளைங்கள்ல ஒருத்தி. அப்ப கலெக்டரா இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பத்தி எழுதினது பள்ளிக்கூடத்துப் பாடமாவே வந்திருக்கு. எங்கம்மா கேரியர்ல தண்ணிக் குடமும், பார்ல என்னையும் வச்சுக்கிட்டு ஓட்டினவங்க. ஊரே சிரிச்சப்ப ஓட்டினவங்க.

"நீ மட்டும் ஓட்டலையா?"ன்னேன்.

"ஓட்டினோம். வேலைக்கு ஓட்டினோம். இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்தோம். நீ வேலையத்துப் போயி ஓட்டுற."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல. பாதியில "சாப்டியா?"ன்னு பேச்சை மாத்தினாங்க, அதுதான் அவங்க சமாதானம்.

பயமா இருந்துச்சான்னு கேப்பீங்க. இருந்துச்சு. ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தும், சைக்கிளைக் குறுக்கால சாத்தி வச்சுட்டுத்தான் படுத்தேன். டெர்வ்லா மர்ஃபின்னு ஒரு ஐரிஷ் அம்மா, 1963 ஜனவரியில அயர்லாந்துலேர்ந்து டெல்லிக்கு சைக்கிள்ல கிளம்பினாங்க, தனியா. ஐரோப்பாவுக்கே அது கடுங்குளிர் வருஷம். ரோடெல்லாம் பனி. கையில ஒரு துப்பாக்கி வச்சிருந்தாங்க, யூகோஸ்லாவியாவுல ஓநாய் வந்தப்ப சுட்டிருக்காங்க. நடுராத்திரி என் கதவு தட்டற சத்தம் கேட்டப்ப அவங்க ஞாபகம் வந்துச்சு. என்கிட்ட இருந்தது சைக்கிள் பம்பு. அதை ஓங்கிக்கிட்டே திறந்தா, அக்கா பையன் கொசுவத்தியோட நிக்கறான்.

காலைல பாத்தா செயின் செம்மண் கலர். ஒரே ராத்திரி! உப்புக்காத்தும் மழையும் சேந்தா அவ்வளவுதான். நான் போட்டிருந்தது வெயில் காலத்து எண்ணெய், தூசி ஒட்டாத ரகம். மழையில அது முதல் ஒரு மணி நேரத்துலயே கழுவிப் போயிடும். அந்தப் பையனே ஒரு பழைய டூத் பிரஷ்ஷும், தேங்காய்ச் சிரட்டையில போட் இன்ஜின் வேஸ்ட் ஆயிலும் கொண்டாந்தான். கன்னங்கரேல்னு இருந்துச்சு. ஒவ்வொரு கண்ணியா தேய்ச்சு விட்டோம். சைக்கிள் மெக்கானிக் யாராவது படிச்சா திட்டுவாங்க. திட்டட்டும். வீடு வரைக்கும் கிறீச்சுனு ஒரு சத்தம் வரல.

இட்லிக்கு மீன் குழம்பு இருக்கான்னு ஆசையா கேட்டேன். "காத்துக்கு யாரு கடலுக்குப் போறா? கருவாடுதான்"னாங்க. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டு. எத்தனை இட்லின்னு சொல்ல மாட்டேன்.

இனிமே திரும்பணும். நேத்து பிச்சை போட்ட வாடை இன்னிக்கு வட்டியோட கேக்கும்ல? காத்து 20-ல எதிர வந்து, நாம 15-ல மிதிச்சா, உடம்பு 35 கிலோமீட்டர் காத்தை முட்டுது. அதுலயும் வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும். கடலோரமா நூறு கிலோமீட்டர் அப்படி மிதிக்க நான் எந்தப் பாவமும் பண்ணல.

அதனால கடலை விட்டுட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினேன். செய்யூர் வழியா மதுராந்தகம். வடமேற்கால போறதால வடகிழக்குக் காத்து பக்கவாட்டுல. ரெண்டு பக்கமும் புளியமரம், ஊரு, வேலின்னு காத்தை உடைக்க ஆயிரம் இருக்கு. வயல்ல நாத்து, ரோட்டோரத்துல நத்தை. அந்த ரோடு அவ்வளவு அழகுன்னு எனக்கு யாருமே சொன்னதில்ல.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் வாசல்ல கொஞ்ச நேரம் உக்காந்தேன். கதை தெரியும்ல? ஒவ்வொரு பெருமழைக்கும் ஏரிக்கரை உடைப்பெடுத்துக்கிட்டே இருந்துச்சாம். 1798-ல லயனல் பிளேஸ்னு ஒரு கலெக்டர், கரையைப் பாக்க ராத்திரி மழையில போனப்ப, வில்லோட ரெண்டு பேர் கரையில நடந்து காவல் காத்ததைப் பாத்தாராம். தாயார் சந்நிதியில அவர் பேர்ல கல்வெட்டு இருக்கு. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். கொட்டற மழையில ராத்திரி ஏரிக்கரைக்குப் போன கலெக்டர்ங்கறதே எனக்கு அதிசயமாத்தான் படுது.

அப்புறம் சென்னைக்கு ஜிஎஸ்டி ரோடு. அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. லாரி.

இப்ப கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஜாக்கெட்டுக்கு ஆறாயிரம் செலவு பண்ணாதீங்க, நிக்கும்போது போத்திக்க நூறு ரூபா பிளாஸ்டிக் கோட்டு போதும். மட்கார்டு போடுங்க, அழகு போகட்டும். பின்னாடி விளக்கு ரெண்டா வைங்க, மழையில ஒண்ணு நிச்சயம் மண்டையைப் போடும். லாரிக்கு ஒட்டற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரைப் பையில ஒட்டிக்குங்க. பாலத்துல காத்து தள்ளினா இறங்கி நடங்க. தங்கற இடத்துக்கு ரெண்டாவதா ஒரு ஏற்பாடு வச்சுக்குங்க, டென்ட்டை நம்பி மட்டும் பொண்ணுங்க கிளம்பாதீங்க, பசங்களும்தான்.

தை மாசம் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போகலாம்னு இருக்கு. பறவைங்க அப்ப இருக்கும். அந்த வழியில பொம்பளை ஆளு ஒருத்தி தனியா ராத்திரி தங்க நல்ல இடம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. காசு குடுத்துடறேன். ஏசி வேணாம், டிவி வேணாம். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கணும்.